மாற்றுக் கீப்பர்

ஆட்ட நாள் காலையில்
ரிஸ்கானின் விரல்களைக் கட்டுவது என் வேலை.
சுண்டுவிரலும் மோதிரவிரலும் சேர்த்து இரண்டு சுற்று,
கட்டைவிரல் அடியில் குறுக்காக ஒன்று.
வலக்கை நடுவிரல் இரண்டாம் கணுவில் கோணியிருக்கும்;
அங்கே பிளாஸ்டரை இழுக்கக் கூடாது,
படுக்க வைக்க வேண்டும்.
அவன் மனைவிக்குக்கூட அந்த விரலை
இவ்வளவு தெரிந்திருக்காது.

கட்டும்போதெல்லாம் ஒரு நினைப்பு வரும்.
அதை யாரிடமும் சொல்வதில்லை.
கொஞ்சம் தளர்த்தினால் போதும்.
இன்றுவரை தளர்த்தியதில்லை.
அதற்காக என்னை மெச்ச வேண்டியதுமில்லை,
வந்தது வந்ததுதான்.

நோர்வூட் கழகத்துக்கு இந்தப் பருவம்
ஒன்பது ஆட்டம், ஒன்பது தோல்வி.
கடைசி மூன்றில் காசும் பாதி.
பாதியில் பாதி எனக்கு.
தோற்கிற அணியில் பெஞ்சில் இருப்பவன்
தோற்றேன் என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாது.
கடையில் கேட்பார்கள்: "மறுபடியும் தோத்துட்டீங்களா?"
தலையை ஆட்டுவேன்.
அந்தத் தலையாட்டலிலும் பொய் இருக்கிறது.

எனக்கும் கீழே ஒருவன், தியோகு.
வட்டவளையிலிருந்து முதல் பஸ்ஸில் வருவான்.
மாற்றுக்கு மாற்று.
நானும் அவனும் வேலியோரம் குந்தி
வேகப்பந்துக்காரர்களுக்குக் கை சூடேற்றிக் கொடுப்போம்.
இன்றைக்கு யார் பந்தில் உயிரில்லை என்று
கோச்சுக்கு முந்தி எங்கள் உள்ளங்கைக்குத் தெரியும்.
கேட்கத்தான் ஆளில்லை.
தண்ணீர், துவாய், காய்ந்த உள்கையுறை,
அட்டை ஏறிய காலுக்குச் சவர்க்காரம்.
ஒருநாள் தியோகு கேட்டான்:
"அண்ணே, நீங்க எப்ப ஆடி
நான் எப்ப ஒங்க எடத்துக்கு வர?"
சிரித்தேன்.
சிரித்துவிட்டு என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன்.

பத்தாவது ஆட்டம். குருநாகல்காரர்கள்.
கடைசி நாள், தேநீருக்குப் பிறகு,
எகிறிய பந்து ரிஸ்கானின் இடக்கை ஆட்காட்டி விரலில்.
நான் கட்டாத விரல்.
முதலில் வந்தது நிம்மதி.
அதுவும் சொல்லக் கூடாத ஒன்று.
தியோகு ஓடிவந்து என் கையைப் பிடித்துக் கட்டினான்.
கொஞ்சம் அதிகமாகவே இறுக்கினான்.

அவர்களுக்கு இன்னும் பதினோரு ஓட்டம்,
கையில் மூன்று விக்கெட்.
காசல்ரீ பக்கமிருந்து பனி ஏறியது.
முதலில் எல்லைக்கயிறு போனது,
பிறகு தேர்ட்மேன்,
பிறகு ஸ்லிப்பில் நின்ற இந்திக;
அவனில் மிச்சம் அந்த இருமல் மட்டும்.

ஒரு பந்து.
பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.
மட்டை ஓரத்தில் ஒரு கீறல்.
உடம்பு இடப்பக்கம் விழுந்துவிட்டது,
நான் அதற்குப் பின்னால் போனேன்.
உள்ளங்கை நடுவில் முழுப் பாரம்.
கத்தினேன். நான் மட்டும்தான் கத்தினேன்.
நடுவர் நின்ற இடத்தில்
ஒரு தொப்பி இடமும் வலமும் அசைந்தது.
"ஒண்ணும் தெரியல தம்பி."
பந்தைத் தூக்கிக் காட்டினேன்.
தரையில் பட்டதா இல்லையா என்று
பந்திலா எழுதியிருக்கும்?

அடுத்த பந்து போடவில்லை.
பெயில்ஸைத் தட்டி எடுத்துக்கொண்டு நடந்தார்கள்.
வெற்றி தோல்வியில்லை.
பத்தில் முதல்முறை நாங்கள் தோற்கவில்லை!
வேனில் ஒரே கூத்து.
பனிக்கு மாலை போடணும் என்றான் ஒருவன்,
பனியைக் கேப்டனாக்கணும் என்றான் கேப்டனே.
ஸ்கோர் புத்தகத்தில் என் பெயர்
எங்கும் இல்லை.

ரிஸ்கான் முன் இருக்கையில்,
கை ஒரு துவாயில், கழுத்தில் தொங்க.
ஆட்டம் முடியும்வரை
ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று இருந்தவன்.
டிக்கோயாவில் இறங்கும்போது என் பக்கம் குனிந்தான்.
"சுத்தமாப் பிடிச்ச."
"நீ பெஞ்சில இருந்த.
அந்தப் பனியில ஒனக்கு என்ன தெரிஞ்சிச்சு?"
"தெரியல.
கேட்டிச்சு."

கதவு சாத்தியது.
பின்னால் தியோகு வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.
அவன் கட்டிய கட்டை அப்போதுதான் பிரித்தேன்.
விரல் நுனிகள் வெளுத்திருந்தன.
ஹட்டன் வரும்வரை
ரத்தம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது,
ஊசி குத்துவது மாதிரி.