பணிமனை நாய்

குட்டாயிசி பேருந்துப் பணிமனையில்
டயர் அடுக்குக்குப் பின்னால் படுத்திருக்கும்.
காதில் நகராட்சியின் மஞ்சள் வில்லை.
முழங்கையில் முடியில்லை.
காது விளிம்பு பொருக்குத் தட்டி
காய்ந்த ரொட்டி ஓரம் மாதிரி.

"என் நாய் இல்லை" என்றான் ஓத்தியா,
மருத்துவர் லாம்சிராவின் மேசைமேல்
அதைத் தூக்கி வைத்துக்கொண்டே.

மழுங்கிய கத்தியால் சுரண்டினாள்,
ரத்தம் லேசாகக் கசியும்வரை.
கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு எண்ணெய்.
நுண்ணோக்கிக்குள்
எட்டுக்கால் உருண்டை ஒன்று
அவசரமில்லாமல் நகர்ந்தது.

"சொறி.
மாத்திரையைப் பாலாடைக்கட்டிக்குள் ஒளித்துக் கொடு.
கந்தகத் தண்ணீர் ஊற்றினால் துடைக்காதே,
தானாகக் காயட்டும்.
முடி கடைசியில்தான் வரும்.
முதலில் தூக்கம் வரும்."

"பணிமனை நாய் இது. என்னுடையது இல்லை."

அவன் சட்டைக்கையை மேலேற்றிப் பார்த்தாள்.
மணிக்கட்டிலிருந்து முழங்கை மடிப்புவரை
சிவப்புப் புள்ளிகள்.
"ராத்திரியில் அதிகம் அரிக்குமே?"

ஓத்தியா மேசைக்காலைப் பார்த்தான்.
உரிமையாளர் என்ற கட்டத்தில்
கேட்காமலே அவன் பெயரை எழுதினாள்.
"நீயும் டாக்டரைப் பார்."

ஆறாவது வாரம்
நாயின் முதுகில் பூனைமுடி.
ஓட்டுநர்கள் சிரித்தார்கள்.
அது பின்னங்காலைத் தூக்கி
சொறியப் போய்,
எதற்கென்று மறந்து,
தூக்கிய காலோடு கொஞ்ச நேரம் நின்றது.