நீலக் கிண்ணம்

கழுவக் கூடாது.
வைக்கோல் ஒட்டியிருந்தால் விரலால் தட்டிவிட்டால் போதும்.
ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு,
கடைசி நொடியில் கோழி பூசி அனுப்புவது.
தண்ணீர் பட்டால் போய்விடும்.
போய்விட்டால்
ஆயிரம் வாசல் வைத்த வீடு அது,
ஒன்றுக்கும் கதவு இல்லை.

எச்சம் பட்டதை அன்றே தின்றுவிடுகிறேன்.
சுத்தமானது மட்டும் ஜாடிக்கு.
சுண்ணாம்பு, கட்டடத்துக்கானது அல்ல, ஊறுகாய்க்கானது.
லிட்டருக்கு முப்பது கிராமுக்குச் சற்றுக் குறைவு.
கூர்முனை கீழே.
இரண்டு நாளில் மேலே ஓர் ஆடை படியும்,
ஆறிய பாலில் படிவது போல.
உள்ளே நூற்றுப் பன்னிரண்டு முட்டைகள்
மூச்சை அடக்கிக்கொண்டு.

யாரும் சொல்லித் தரவில்லை.
மூன்று வருஷம் ஜாடி ஜாடியாகக் கொட்டிக் கற்றேன்.

ஹீயுமா தீவில் டிசம்பர் சூரியன்
மூன்றரை மணிக்கு முன்பே மூட்டை கட்டிவிடும்.
கோழிகள் அதற்கும் முன்பே கடையைச் சாத்திவிடும்.
அடிவயிற்றைத் தடவிப் பார்த்தாலும்
‘எங்களைக் கேட்காதே’ என்பதுபோல் ஒரு பார்வை.
அப்போதுதான் நிலவறைக்கு இறங்குவேன்,
முழங்கை வரை சட்டையைச் சுருட்டி,
செப்டம்பரை ஒவ்வொன்றாக வெளியே எடுப்பேன்.

இருபத்து மூன்றாம் தேதி காற்று.
கப்பல் ரத்து.
துறையின் காத்திருப்பு அறையில் ஹீட்டர் செத்துவிட்டது.
சீட்டுக் கொடுக்கும் மைமு
பதினோரு பேரை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்,
என்னைக் கேட்காமல்.

பதினோரு வயிறு. அப்பம்தான் முடியும்.
பெரிய பாத்திரத்தில் மாவு, பால், உப்பு.
பக்கத்தில் கைப்பிடி போன நீலக் கிண்ணம்.
ஒரு முட்டை: கிண்ணத்தில் தட்டி, பார்த்து, முகர்ந்து,
பிறகு பாத்திரத்தில்.
அடுத்தது: கிண்ணம், கண், மூக்கு, பாத்திரம்.

மர லாரி ஓட்டும் கல்யோவுக்குப் பொறுக்கவில்லை.
‘நேராகவே ஊற்றலாமே அம்மணி,
விடிந்துவிடும்போல் இருக்கிறது.’
இங்கே விடிய ஒன்பது மணி ஆகும் என்றேன்.

பதினேழாவது கூழ்முட்டை.
கிண்ணத்தில் கறுப்பாக ஏதோ சரிந்தது,
நாற்றம் ஆளுக்கு ஒரு அறை விட்டது.
யாரோ ஜன்னலைத் திறக்க, பனி உள்ளே வந்தது.
த்ரீனு என்ற குட்டிப்பெண் மட்டும்
கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தாள்.
பாத்திரத்தில் பதினாறும் பத்திரம்,
மஞ்சள் கலங்காமல்.
கல்யோ ஒன்றும் பேசவில்லை.
கிண்ணத்தை வெந்நீரில் இரண்டு முறை கழுவினேன்.

எண்டெலை நான் கிண்ணத்தில் தட்டவில்லை.
சந்தித்த மூன்றாம் வாரமே நேராகப் பாத்திரத்தில்:
வீடு, படகில் என் பாதி, பதினெட்டு வருஷம்.
கூழ்முட்டை என்று சொன்னால் பாவம்.
கீறல் விழுந்தவன், அவ்வளவுதான்.
கையில் எடுத்தபோதே தெரிந்தது, நகம் அகலம்கூட இல்லை.
கீறல் விழுந்ததை ஜாடியில் வைக்கக் கூடாது,
அன்றைக்கே வெண்ணெயில் பொரித்து
ரசித்துத் தின்றுவிட வேண்டும்.
ஒரு கோடைக்கு அவனைப்போல் ருசி கிடையாது.
நான்தான் சேமிக்கப் பார்த்தேன்.

காலையில் அப்பம் மிச்சமில்லை.
ஓடுகளை நொறுக்கிக் கோழிகளுக்கே போட்டேன்.
ஜாடியில் இன்னும் நாற்பத்தொன்று.
பிப்ரவரி வரை வரும், கணக்காகச் செலவழித்தால்.
அவித்தால் மட்டும் முதலில் ஊசியால் ஒரு துளை:
சுண்ணாம்பு எல்லா வாசலையும் அடைத்துவிடும்,
கொதிக்கும்போது வெளியே வர வழியில்லாமல் வெடிக்கும்.
இதையும் யாரும் சொல்லவில்லை.

பத்து மணிக்குக் கப்பல் என்று மைமு போன் செய்தாள்.
எல்லோரும் இறங்கிப் போன பிறகும்
கல்யோ வாசலில் பூட்ஸ் கயிற்றைக்
கட்டிக்கொண்டே இருந்தான்.
வியாழக்கிழமை இதே வழியாகத்தான் திரும்புகிறானாம்.
போகுமுன் ஒரு வாய் காப்பி கிடைக்குமா என்றான்.

நீலக் கிண்ணத்தில் கொடுத்தேன்.