தொட வேண்டாம்

மூன்றாம் பாடத்துக்கு மணி அடித்ததும்
பிள்ளைகள் ஓடிவிடுவார்கள்.
எனக்கு மிஞ்சுவது
நாற்பத்திரண்டு சோதனைக்குழாய்கள், ஒரு தூரிகை.
சமன்பாடுகளோடு எனக்குப் பழக்கமில்லை.
மிச்சத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்
இதற்குள் என்ன நடந்திருக்கும் என்று.

இடுக்கியின் நுனியில் வெள்ளைச் சாம்பல்:
மக்னீசியம் எரிந்திருக்கிறது,
காற்றோடு கூடி ஒன்றாகியிருக்கிறது. சேர்க்கை.
கண் கூசிய பிள்ளை யாரோ
முகவையைத் தட்டிவிட்டிருக்கிறது.

ஊதாக் கறை, அடியில் கறுப்பு,
பக்கத்தில் நுனி கருகிய ஈர்க்கு:
கொண்டிஸைச் சூடாக்கியிருக்கிறார்கள்.
ஒன்று பலவாகிவிட்டது. பிரிகை.
இது லேசில் போகாது,
தேசிக்காய் வாங்க வேண்டும்.

நீலம் வெளிறிப்போன தண்ணீர்,
அடியில் செங்கபிலப் பொடி:
நாகம் உள்ளே வந்திருக்கிறது,
செம்பு வெளியேறியிருக்கிறது.
ரிஸ்வி சேர் கரும்பலகையில் எழுதியதை
நான்தான் அழிக்க வேண்டும்.
ஒற்றை இடப்பெயர்ச்சி.
ஒரு தரம் டஸ்டரோடு அப்படியே நின்றுவிட்டேன்.
கிளிவெட்டி முகாமில் நிரப்பிய படிவத்தில்
என் பெயருக்கு நேரே இருந்த சொல்.
சம்பூர்க்காரர் எல்லோருக்கும் நேரே இருந்த சொல்.
ஒற்றையா இரட்டையா என்று
அப்போது ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் இரட்டை என்றிருப்பேன்:
மட்டக்களப்புக்கு ஒன்று, கிளிவெட்டிக்கு ஒன்று.

"வெளியேறின செம்பு பிறகு என்ன ஆகும் சேர்?"
"வடிகட்டினால் கிடைக்கும்.
ஒருத்தரும் வடிகட்டுறதில்லை."
நான் வடிகட்டுகிறேன்.
ஹோர்லிக்ஸ் போத்தலில் இரண்டு விரற்கடை சேர்ந்திருக்கிறது.
எதற்கு என்று கேட்காதீர்கள்.

விரல் நுனிகளில் கறுப்பு.
கிண்ணியா பஸ்ஸில் பரீனா
மருதோன்றியா என்று கேட்டாள்.
வெயில் பட்ட வெள்ளி என்றேன்.
நம்பவில்லை. மாதுளம்பழத்தில் பாதி தந்தாள்.

போன கிழமை உவர்மலை மான் ஒன்று
ஜன்னலால் தலையை நீட்டி
தாக்க வகைகள் விளக்கப்படத்தைத் தின்றுவிட்டது.
மிஞ்சியது ஒரு அம்புக்குறி,
அதன் மேல் சின்ன முக்கோணம்.
சூடாக்குக என்று அர்த்தமாம்.
எவ்வளவு சூடு, எத்தனை நாள் என்று
அதில் போடுவதில்லை.

ஜன்னல் தட்டில் மூன்று குழாய்கள்.
'தொட வேண்டாம்': டிலோஜனாவின் கையெழுத்து.
மூன்றிலும் ஒரே பெட்டி ஆணி.
முதலாவதில் காய்ச்சிய தண்ணீர், மேலே எண்ணெய்.
அடுத்ததில் உலர்ந்த காற்று.
கடைசியில் டச்சுக்குடாக் கடல்,
சோடாப் போத்தலில் கொண்டுவந்தது.
முதல் நாள் கொப்பியில் எழுதியிருக்கிறார்கள்:
குமிழி இல்லை, சூடு இல்லை, நிறமாற்றம் இல்லை.
தாக்கம் நிகழவில்லை.

இன்று திங்கள்.
எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்தாயிற்று, இவை தவிர.
கடல் இருக்கும் குழாயில்
ஆணியின் தலையைச் சுற்றி
ஒரு செம்மஞ்சள் நூல்.

அவர்களுக்கு இனி வியாழன்தான் பாடம்.