அகழி முதலைகள்

சைக்கோபில்லி என்றேன்.
கொசப்பேட்டை மண்டபத்துக்காரர்
முதல் பாதியைத் தாண்டிப் போய்
இரண்டாம் பாதியில் மாட்டிக்கொண்டார்.
'பில்லியா? அப்ப சூனியம்?'
அட்வான்ஸ் திரும்பி வந்தது,
நோட்டுகளின் மேல் ஓர் எலுமிச்சம்பழத்தோடு.
உப்புப் போட்டுக் குடித்தோம். மே மாதம்.

கோட்டை அகழியில் முதலைகள் இருந்தனவாம்.
பெயர் சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டோம்.
சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை,
தண்ணி இல்லாத ஆறு என்று
ஊரைக் கிண்டல் செய்கிறவர்களுக்கு
இன்னொன்றும் கொடுத்தோம்:
டிக்கெட் விற்காத பேண்டு.

அதனால் ஆளுக்கொரு சைடு.

ஜெமிமாவின் டபுள் பாஸ் அவளைவிட ஒரு சாண் உயரம்.
பெட்டியோடு ஷேர் ஆட்டோவில் ஏற்றினால்
ஆற்காடு ரோட்டில் செருப்பைக் கழற்றுகிறார்கள்.
ஒருமுறை டிராபிக் போலீஸ்
சிக்னலையே நிறுத்தி வழிவிட்டார்.
சனி ராத்திரி அந்தக் கம்பிகளை அறைகிறாள்.
ஞாயிறு காலை ஏழு மணி ஆராதனையில்
வில்லை எடுத்து
அறைந்த கன்னத்தைத் தடவிக்கொடுக்கிறாள்.

முஷ்தாக்,
ஆறங்குலம் நிமிர்ந்து நிற்கும் முன்முடியை
ஈரத்துண்டால் அமுக்கிவிட்டு
ஆம்பூர் ஷூ கம்பெனி ஆண்டுவிழாக்களில் மெலடி வாசிப்பான்.
கூலி பாதி பணம், பாதி சரக்கு.
நால்வர் காலிலும் ஏற்றுமதியில் கழித்த பூட்ஸ்.
எனக்கு இரண்டுமே இடது.

பூவரசன் சாவுக்கு வாசிப்பவன்.
எங்கள் பாட்டுகளில் பிணம் எழுந்து ஆடும்,
பாலாற்று மணலைத் தட்டிவிட்டுத் தலை வாரும்.
அவன் முன்னால் கிடந்ததில் ஒன்றும் எழுந்ததில்லை.
'சுத்தமா வாசிச்சா எழுந்துடுமோன்னு பயம் மச்சான்.
ஒரு அடி தள்ளியே போடுவேன்.'

எனக்கு ஆஸ்பத்திரியில்.
டோக்கன் எண்களைக் கூப்பிடும் ஸ்பீக்கரில் இருப்பது நான்.
தமிழ், தெலுங்கு, இந்தி, வங்காளம்.
ஒன்றிலிருந்து தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வரை,
பிறகு அறை எண்கள்.
இரண்டு நாள் ஏசி அறை, மூவாயிரம் ரூபாய்,
ஊளையிட்டுக் கெடுத்த தொண்டைக்கு ஒரு டீ.

போன மாதம் காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜ் மொட்டைமாடி.
தூக்கம் வராத துணையாட்கள்தான் கூட்டம்,
ஈரத்துணிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.
மூன்றாவது பாட்டு. சவக்கிடங்குக் கல்யாணம்.
வந்தவர்களுக்கு மரியாதையாக இருக்கட்டுமே என்று
வங்காளத்தில் எண்ணினேன்:
ஏக், துய், தீன், சார்

கடைசியில் ஒருவர் எழுந்து நின்றார்.
கையில் ஃபைல்.
என்னைப் பார்க்கவில்லை.
என் தலைக்கு மேல், தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம்,
எந்தக் கதவு என்று தேடினார்.

உட்காருங்கள் என்பதற்கு
எந்த மொழியிலும் நான் பதிவு கொடுத்ததில்லை.

ஜெமிமா கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.
முஷ்தாக் பூட்ஸைப் பார்த்தான்.
அவர் நின்றுகொண்டேயிருந்தார்.

பூவரசன் குச்சிகளை மாற்றிப் பிடித்தான்.
அன்றைக்கு
ஓர் அடிகூடத் தள்ளவில்லை.