நிற்கக் கூடாத எண்ணூறு மீட்டர்

வால்குசோவிலிருந்து சந்தைக்குப் போகும் சாலை
ஓரிடத்தில், எண்ணூறு மீட்டர் மட்டும்,
ருஷ்யாவுக்குள் போய்விட்டு வரும்.
வண்டி ஓட்டலாம். நிற்கக் கூடாது.
நடை கூடாது. சைக்கிள் கூடாது.
ஓரத்தில் மஞ்சள் காளான்
கூடை கூடையாய் முளைத்திருந்தாலும்
கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டுப்பண்ணைக் காலத்தில்
ஒரு வருடம் வைக்கோல் கணக்கு உதைத்ததாம்.
ஐந்து டன் குறைவு.
கணக்கர் ஒருவர் (பெயர் யாருக்கும் நினைவில்லை,
பல் வலிக்காரர் என்பது மட்டும் நினைவிருக்கிறது)
ஊதாப் பென்சிலால் புல்வெளியைச் சுற்றி வளைத்து
பக்கத்து மாவட்டத்தின் தலையில் கட்டிவிட்டார்.
அப்போது அது தாளில் ஒரு கோடு.
மாடுகள் அதைத் தாண்டி மேய்ந்தன.
என் அத்தைகள் இரண்டு பேர் அதைத் தாண்டிக்
கல்யாணம் செய்துகொண்டார்கள்.
பிறகு பெரிய நாடு உடைந்தது.
உடைகிற எதுவும்
ஏற்கெனவே இருக்கிற கீறல் வழியாகத்தானே உடையும்.

கம்பம் வந்தது, கம்பி வந்தது.
வேலிக்குச் சாட்சி சொல்ல
ஓணான்கூட இல்லாத குளிர் பூமி இது.
கல்லறைகள் அந்தப் பக்கம் போயின.
ஆகஸ்டில் ஒரு நாள், பட்டியலில் பெயர் இருந்தால்,
அவித்த முட்டையும் தயிர்க்கட்டி அப்பமும் எடுத்துப் போய்
கல்லறை மேல் துணி விரித்து
அப்பாவோடு சாப்பிட்டு வருவோம்.
குளிர்காலத்தில் அப்பா என்னைவிட
ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறார்.
கோடையில் இருவருக்கும் ஒரே கடிகாரம்.

ஹெம்மோவின் கடைவண்டி
செவ்வாயும் வெள்ளியும் வரும்.
ஒரு ஜனவரி வெள்ளி வரவில்லை.
நிறுத்தத்தில் நாங்கள் ஐந்து பேர்.
நத்திக்குப் பூனைத் தீனி, எனக்கு ஈஸ்ட்.
கைப்பேசி அடித்தது.
"நின்றுவிட்டேன்" என்றான்,
கொலை செய்தவன் சொல்வதைப் போல.
"இறங்காதே, மூச்சையும் மெதுவாக விடு" என்றாள் நத்தி.

வளைவுக்கு நடந்துபோய்
எங்கள் கம்பத்தின் இந்தப் பக்கம் நின்று பார்த்தோம்.
சறுக்குக் கட்டையில் இரண்டு காவலர்கள் வந்தார்கள்.
ஒருவருக்கு மீசையெல்லாம் பனி.
இன்னொருவன் பையன், கையுறையில் ஓட்டை.
எழுதினார்கள், எழுதினார்கள்.
பேனா உறைந்துபோக
விலை குறிக்கிற பென்சிலை ஹெம்மோவே நீட்டினான்.
கையெழுத்து வாங்கிக்கொண்டு
இருவரும் வண்டியின் பின்னால் போய்த்
தோள் கொடுத்தார்கள்.

மெல்ல வந்தது வண்டி.
கம்பத்தருகே வந்ததும்
சுட்டுக்கொண்டவர்களைப் போல
நான்கு கைகளும் ஒன்றாய் விலகின.
வண்டி கொஞ்சம் தானாக உருண்டது,
பாதியில் நின்றது.
முன்சக்கரம் எஸ்டோனியாவில்.
ரொட்டி, சோப்பு, நாற்பது முட்டை
எல்லாம் பின்பக்கம், ருஷ்யாவில்.
அவர்கள் எங்களைப் பார்த்தார்கள்.
நாங்கள் அவர்களைப் பார்த்தோம்.
அப்புறம் நத்தி பிரம்புக்கூடையை
பனியில் வைத்துவிட்டு
பம்பரைப் பிடித்தாள்.
மீதியை இந்தப் பக்கமிருந்து இழுத்தோம்.

ரொட்டி கல்லாய் உறைந்திருந்தது.
வாங்கினோம்.
மாலையில் சரக்கு எண்ணியபோது
கட்டிப்பால் டப்பா ஒன்று குறைந்ததாம்.
ஹெம்மோ அதை நோட்டில் ஏற்றவில்லை.
அபராதச் சீட்டு ஏப்ரலில் வந்தது.
குற்றம் என்ற கட்டத்தில் ஒரே சொல்: நின்றது.
விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில்
இன்னும் ஒட்டி வைத்திருக்கிறான்.

இப்போது அந்தச் சாலை இல்லை.
இரு பக்கமும் சிமெண்ட் கட்டைகள்.
காட்டுக்குள் புதுப்பாதை, பதினொரு கிலோமீட்டர் சுற்று.
கடைவண்டி வெள்ளி மட்டும்தான்.
செவ்வாயில் ஈஸ்ட் தீர்ந்தால் தீர்ந்ததுதான்.
போன வாரம் மாடியறை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.
தார் பிளந்து பிர்ச் கன்றுகள்,
இடுப்பளவு,
எண்ணூறு மீட்டருக்கும்
நின்றுகொண்டிருக்கின்றன.