லிட்டருக்கு எவ்வளவு

ஷோரூம் பையன் ஜெபராஜ் சொன்னது பதினெட்டரை.
சோணைமுத்துவின் நோட்டில் ஒன்பது புள்ளி நான்கு.
இரண்டுக்கும் நடுவே இருக்கிறது
கோரிப்பாளையம்.

மூட்டுச் சவ்வு கிழிந்த வருடம்
என் இடது கால் கிளட்சோடு பேச்சை நிறுத்திக்கொண்டது.
அதனால்தான் ஆட்டோமேட்டிக்.
ஓட்டுவது நான். கணக்கு அவர்.
கூட்டுறவு வங்கியில் இருபத்தாறு வருடமாகக் காசாளர்,
பெட்ரோலையும் சில்லறையாகத்தான் எண்ணுவார்.
யானைக்கல் பங்கில் குழாய் முதல் தடவை டிக்கென்று நின்றதும்
போதும் போதும் என்று கையை ஆட்டுவார்.
பிறகு பென்சில்.
தேதி, கிலோமீட்டர், லிட்டர்,
கடைசிக் கட்டத்தில் ஒரு பெருமூச்சு,
அதற்கும் தசமப் புள்ளி உண்டு.

செல்லூரிலேயே ஆரம்பித்துவிடும்.
முன்னால் ஷேர் ஆட்டோ, அதற்கு முன்னால் மினி பஸ்,
அதற்கும் முன்னால் என்னவென்று யாருக்கும் தெரியாது.
பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும்,
ரேஷன் கடை வரிசையில் பின்னாலிருப்பவர்
முதுகைத் தொட்டுத் தள்ளுவதுபோல
தானாக நகரும் வண்டி.
ஒரு முழம். பிரேக்.
ஒரு சாண். பிரேக்.
"நிக்கிறதுக்கும் குடிக்குதே" என்பார்.
திரையில் அப்போது பூஜ்யம் புள்ளி பூஜ்யம்.
"ஏசியை அணை."
அணைப்பேன்.
பாலத்துத் தூணின் நிழல் எங்கள்மேல் ஏறி இறங்கும்வரை
வேர்த்துக்கொண்டே சிக்கனமாக இருப்போம்.
வேலையில்லாத இடது கால்
அதுபாட்டுக்குக் கால்மிதியில்
இல்லாத கிளட்சை மிதித்துப் பார்க்கும்.

ஆவணியில் ஒரு செவ்வாய், இரவு இரண்டு நாற்பது.
விலாவைப் பிடித்தபடி
கட்டில் ஓரத்தில் சுருண்டு கிடந்தார்.
இருக்கையைச் சாய்த்து, தலையணை கொடுத்து,
லுங்கியோடு ஏற்றி, விளாங்குடியில் எடுத்த வண்டி
எங்கும் நிற்கவில்லை.
தத்தனேரி வந்தது, போனது.
மஞ்சள் விளக்குகள் யாருக்காகவும் இல்லாமல்
இமைத்துக்கொண்டிருந்தன.
கோரிப்பாளையத்தில் ஒரே ஒரு மாடு,
அதுவும் ஓரமாகப் படுத்து அசைபோட்டது.
வலது காலைப் பட்டும் படாமலும் வைத்திருந்தேன்,
குலுங்கினால் அவருக்கு வலிக்குமே.
"ரொம்ப வலிக்குதாங்க?"
பதில் இல்லை.
பதறித் திரும்பினால்
கண்ணை இடுக்கிக்கொண்டு மீட்டரைப் பார்க்கிறார்.
ஏறும்போதே ட்ரிப்பைப் பூஜ்யமாக்கியிருக்கிறார்,
அந்த வலியிலும்.
"பதினெட்டு புள்ளி ஏழு" என்றார் பல்லைக் கடித்து.
"அந்தப் பையன் பொய் சொல்லலடி."

ஆறு மில்லிமீட்டர் கல்.
அண்ணா நகர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள்,
நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள்.
அவர் தூங்கியபின் வராந்தா பெஞ்சில் யோசித்தேன்.
பதினெட்டரை மெய்தான்.
ஆனால் ஜெபராஜ் வண்டியை விற்றது
வேறொரு மதுரையில் ஓட்ட.
அங்கே பள்ளி வேன் கிடையாது,
கீரைக் கட்டோடு குறுக்கே வரும் டிவிஎஸ் கிடையாது,
பாடைக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டியதில்லை,
ஏனென்றால் அங்கே யாரும் சாவதில்லை,
யாரும் இருந்தால்தானே.
அந்த ஊரில்
ஒன்பது கிலோமீட்டர் போய் வந்தோம் நாங்கள்,
ஒரு வழி மட்டும்.

காலை ஒன்பதரைக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள்.
முன்னால் ஷேர் ஆட்டோ.
அதற்கு முன்னால் மினி பஸ்.
பதினாறு, பதிமூன்று, பதினொன்று என்று
எண் படியிறங்கிக்கொண்டிருந்தது.
அவர் அதைப் பார்க்கவில்லை.
தண்ணீர் பாட்டிலை மடக்மடக்கென்று பாதி காலி செய்து
வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:
"இந்தக் கல்லு
லிட்டருக்கு எவ்வளவு தூரம் போகும்?"

சிரித்ததில் பிரேக்கை விட்டுவிட்டேன்,
வண்டி தானாக ஒரு சாண் நகர்ந்து
ஆட்டோவின் பின்பக்கத்தைத் தொடப் பார்த்தது.
"ஏசி போடட்டுமா?"
"போடு" என்றார்.

அரை நிமிடம் கழித்து,
"ஒண்ணுல வை."