தாமதத்துக்குக் காரணம்

மணிக்கூண்டு சரிந்த காலையில்
தொப்பி போட்ட சீமாட்டிகள் ஏழு பேர்
வேலிக்கு வெளியே நின்று அழுதார்கள்.
ஒருத்தி என்னிடமே வந்து
"உங்களுக்கு மனசே இல்லையா, மிஸ்டர் மூட்லி?" என்றாள்.
டெண்டரில் அதைக் கேட்கவில்லை, மேடம்.

நல்ல கட்டடம். பொய் சொல்லக் கூடாது.
சுவர் ஒவ்வொன்றும் மூன்று செங்கல் கனம்,
பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு உத்தரம்,
மழைநீர் கொட்டும் தூம்புக்குக்கூடச் சிங்க முகம்.
வாசல் கதவின் பித்தளைப் பிடி மட்டும் நாலு கிலோ.
அந்த வாசல் வழியாக நான் முதன்முதலில் உள்ளே போனது
இடிக்க எஸ்டிமேட் போட வந்த அன்றைக்குத்தான்.
அன்றும் கால், பழக்கத்தில்,
பக்கவாட்டுப் பாலத்துப் பக்கமே திரும்பியது.

எல்லாம் விலை போயிற்று.
'வெள்ளையருக்கு மட்டும்' என்றெழுதிய மர பெஞ்சை
கேப்டவுன் ஓட்டல்காரன் ஒருவன்
பேரம் பேசாமல் ஏற்றிக்கொண்டு போனான்.

எங்கள் பக்கம்
ஒரு தகரக் கொட்டகை, ஒரு குழாய்,
தரையோடு வார்த்த கான்கிரீட் திட்டு.
பட்டியலில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.
அரை நாள் வேலை என்று கணக்கு வைத்திருந்தேன்.

மூன்று நாள் ஆயிற்று.
ட்ரில் முனை இரண்டு முறிந்தன.
சிபுசிசோ கண்ணாடியைக் கழற்றித் தூசி துடைத்து
"பாஸ், இதுக்குள்ளே என்னதான் வச்சிருக்காங்க?" என்றான்.

ஐம்பத்தாறில், ஜூலைக் குளிரில், ஒரு ராத்திரி
தயாநாயகியை மடியில் போட்டுக்கொண்டு
அம்மா இதில் உட்கார்ந்திருந்தாள்.
டர்பன் ஆஸ்பத்திரிக்குப் போக டிக்கெட் இருந்தது.
எங்கள் பெட்டியில் இடம் இல்லை.
மற்றப் பெட்டிகள், விளக்கெரிய, காலியாக,
ஒவ்வொன்றாய் எங்களைத் தாண்டிப் போயின.
எனக்கு ஆறு வயது. எண்ணினேன், ஒன்பது.
விடிகாலை வண்டி வந்து நின்றபோது
அம்மா எழுந்திருக்கவில்லை.
அவசரம் தீர்ந்துபோயிருந்தது.

"சிமெண்டு ஜாஸ்தி" என்றேன் சிபுசிசோவிடம்.
ட்ரில்லை வாங்கி நானே பிடித்தேன்.
பல்லெல்லாம் ஆடியது.

பில்லில் ஒரு கட்டம் உண்டு: தாமதத்துக்குக் காரணம்.
'ஆள் உட்கார்ந்திருந்தார்கள்' என்று எழுதி, அடித்து,
'எதிர்பாராத கம்பி' என்று எழுதினேன்.
பணம் வந்துவிட்டது.

பித்தளைப் பிடியை மட்டும் இன்னும் விற்கவில்லை.
ஏனென்று கேட்டால் தெரியாது.
வேனின் பின்னால் கிடக்கிறது,
ஒவ்வொரு பிரேக்குக்கும் உருண்டு வந்து
என் சீட்டின் முதுகில் முட்டுகிறது.